பூனை மணலும் சில மூக்குகளும்

மற்ற கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளரின் முகம் நினைவில் நிற்கும். பூனை மணல் விற்கிற எனக்கு அவரவர் வீட்டு வாடைதான் நினைவில் நிற்கிறது.

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு சின்னக் கடை. கிளித் தீவனம், மீன் தொட்டி, நாய்ச் சங்கிலி என்றுதான் ஆரம்பித்தேன். ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து "லிட்டர் இருக்கா?" என்று கேட்டாள். "எது, எத்தனை லிட்டர் வேணும்?" என்று திருப்பிக் கேட்டவள் நான். பூனை மணலுக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர் என்று அவள்தான் போனில் படம் காட்டி விளக்கினாள். ஒரு வகைக் களிமண்ணைக் காயவைத்துக் குருணையாக உடைத்தது அது. பூனை மூத்திரம் பட்ட இடம் மட்டும் உருண்டையாகக் கெட்டிப்படும். அதைக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டால் மிச்ச மணல் சுத்தமாகவே இருக்கும். முதல் மூட்டை வந்த அன்று ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கொட்டி, தண்ணீர் விட்டு, உருண்டை பிடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஆள் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்க்கிறவள் இசக்கியம்மாள். என் வயதுதான். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். இங்கே வந்ததும் கடை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக மூட்டை போடுவாள். எந்த வீட்டிலாவது "மண்ணு மாத்தியும் நாறுது" என்றால் அங்கிருந்தே எனக்குப் போன் அடிப்பாள். நான் போய்ப் பார்ப்பேன். பூனை வளர்க்கிற உங்களுக்கு நான் என்ன சொல்ல? விருந்தாளி செருப்பைக் கழற்றும்போது மூக்கைச் சுருக்குகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தவர்கள்தானே நீங்களும். அவசரமாக ஊதுபத்தி கொளுத்தி, இரண்டு வாடையும் கலந்து மூன்றாவது ஒன்று கிளம்பி, அசடு வழிந்தவர்கள்தானே. நாம் எல்லாரும் ஒரே குடும்பம்.

மல்லிகை மணல்

தொழிலுக்கு வந்த புதிதில் வாசனை போட்ட மணல்தான் உசத்தி என்று நினைத்திருந்தேன். மல்லிகை, எலுமிச்சை என்று விதவிதமாக வரும். உவரியிலிருந்து மீன் கொண்டுவந்து இங்கே சந்தையில் விற்கிற மிக்கேலம்மாள், மகள் வீட்டுப் பூனைக்கு மணல் கேட்டு வந்தபோது மல்லிகை மூட்டையைத்தான் எடுத்துக் கொடுத்தேன். காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிரிக்காத மூட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இது வேண்டாம், இதில் ஈரம் ஏறியிருக்கிறது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிரித்துப் பார்த்தால் அடியில் ஒரு ஓரம் நிஜமாகவே ஈரம் பட்டுக் கட்டியாகக் கிடந்தது. வேறு மல்லிகை மூட்டை கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தாள். பூனை தட்டுக்குள் காலே வைக்கவில்லையாம். கிட்டே போகும், தும்மும், திரும்பிப் போய் அரிசிச் சாக்கின் மேல் ஏறி மூத்திரம் இருந்துவிடுமாம். வீடெல்லாம் நாறி, மருமகன் பூனையைக் கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டார். மகள் அழுகிறாள். நான் வெட்கப்பட்டுக்கொண்டே வாசனை இல்லாத சாதா மணலைக் கொடுத்து, மூன்று விரல் ஆழத்துக்குப் போடச் சொன்னேன். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். அன்று மதியமே பூனை போய் இருந்து, தோண்டி, மூடிவிட்டு வந்ததாம்.

மல்லிகை பூனைக்கு ஆகுமா என்று மிக்கேலம்மாளுக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. விற்கிறவளுக்குத் தெரியாதா என்று பேசாமல் போயிருக்கிறாள். மீன் சட்டிக்கு மத்தியிலேயே பொழுதைக் கழிக்கிற அந்த மூக்கு, எது புதிசு எது பழசு என்று ஒரு இழுப்பில் சொல்லிவிடுகிறது. அதனிடம் நான் மல்லிகை விற்றிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "நமக்கு மணக்கது அதுக்கு நாறுது, அதுக்கு மணக்கது நமக்கு நாறுது. அப்படி இருந்தும் ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கோம்லா பிள்ள, அதான் அதிசயம்."

டார்ச் வெளிச்சத்தில் ஒரு சுவர்

மேலப்பாளையத்தில் ரஹ்மத் என்று ஒரு பெண். மாப்பிள்ளை வளைகுடாவில். வீட்டில் அவளும் மாமியாரும் நான்கு பூனைகளும். தட்டெல்லாம் அவ்வளவு சுத்தம். ஐந்து தட்டு வைத்திருந்தாள், பூனைக்கு ஒன்று, உபரியாக ஒன்று. அப்படி வைக்கச் சொல்லித்தான் நான் எல்லாரிடமும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். அப்படியிருந்தும் தொழுகிற அறையில் மட்டும் ஒரு வாடை. அந்த இடம் சுத்தமாக இல்லாவிட்டால் தொழுகை கூடாது. தரையைக் கழுவி, தொழுகை விரிப்பான முசல்லாவைத் துவைத்து, மறுபடி கழுவி, கை எல்லாம் வெந்து போயிருந்தது அவளுக்கு. மூன்று வாரமாகப் பக்கத்து வீட்டில் போய்த் தொழுதுவிட்டு வருகிறாள். முன்பு இந்த அறையில் தொழுத என் தொழுகையெல்லாம் கூடியிருக்குமா அக்கா என்று கேட்டாள். மாமியார் பூனைகளை ஒன்றும் சொல்லவில்லை. அவற்றை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது என்பதில் அந்த அம்மாள் மருமகளைவிட உறுதியாக இருந்தார்.

என்னிடம் ஒரு புற ஊதா டார்ச் இருந்தது. பூனை மூத்திரம் காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் அந்த வெளிச்சத்தில் மங்கிய மஞ்சளாக மினுங்கும். நண்பகல் நேரம், ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கினோம். டார்ச்சை அடித்தேன். தரையில் ஒன்றும் இல்லை. துளிகூட இல்லை. அவள் கழுவின கழுவலுக்கு எப்படி இருக்கும்? பைய வெளிச்சத்தைச் சுவரில் ஏற்றினேன். ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், சுவர் முழுக்கப் பூவாளியால் தெளித்ததுபோல் ஒளிப்புள்ளிகள். அதிலிருந்து கோடுகோடாக வழிந்து இறங்கின தடம். திரைச்சீலையின் ஓரத்திலும் அப்படியே. நாற்றத்தைத் தேடி வந்த எனக்கு அது அழகாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

வீட்டுப் பூனைகள் நான்கும் குற்றமற்றவை. தெருவில் திரிகிற ஒரு கடுவன் பூனை கம்பி வழியாக உள்ளே வந்து, நின்றவாக்கில் பீய்ச்சி, இது என் எல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பி வலை அடிக்கச் சொன்னேன். மூத்திரக் கறையையே தின்று தீர்க்கிற நொதித் திரவம் ஒன்று உண்டு. அதைச் சுவரில் ஊறவிட்டு, காய்ந்த பிறகு நன்றாகக் கழுவினோம். திரைச்சீலை ஊறலுக்குப் போனது. வாடை போயே போய்விட்டது. ரஹ்மத் தன் அறையில் தொழுதுவிட்டு எனக்குப் போன் செய்தாள். சொன்னாள்: "அல்லாஹ் நம்ம கண்ணுக்கு எவ்வளவ மறைச்சு வச்சிருக்கான் பாத்தீங்களாக்கா. எல்லாம் தெரிஞ்சா ஒரு வீட்லயும் ஆள் குடியிருக்க முடியாது."

குளிக்கிறதுக்கு முன்னால்

டவுனில் ஒரு பெரிய சைவ வீடு. வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் மேனேஜர் பிள்ளை என்பார்கள். மருமகள் கல்யாணமாகி வரும்போதே இரண்டு பூனைகளைக் கூடையில் கொண்டுவந்தாள். மாமியாருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மருமகள் உண்டானாள். கர்ப்பிணிகள் பூனைத் தட்டைத் தொடக் கூடாது, அதன் மலத்தில் இருக்கிற ஒரு கிருமி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, வேறு யாராவது தினமும் அள்ளிவிட்டால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தக் கடைசிப் பாதியை மாமியார் காதில் வாங்கவில்லை. மகனுக்கு மதுரையில் வேலை. வாரம் ஒரு நாள்தான் வீட்டில். நான்கே நாளில் தட்டு நிரம்பி, பட்டாசல் என்கிற கூடத்தில் உட்கார முடியாத நாற்றம். ஞாயிற்றுக்கிழமை பூனைகளைக் கொண்டுபோய் எங்காவது வயல் பக்கம் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். சாப்பாட்டை மட்டும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலை, மேனேஜர் பிள்ளை நெற்றி நிறைய விபூதியோடு என் கடைக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு, சட்டைப்பையில் பேனா. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே கேட்டார். எத்தனை தடவை அள்ள வேண்டும்? காலையும் மாலையும். தட்டைக் கழுவ எது? லேசான சோப்பும் வெந்நீரும். பினாயில்? கூடவே கூடாது, அது பூனைக்கு விஷம். காலில் பட்டதை நக்கும். கழுவினபின்? வெயிலில் காயவைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதிக்கொண்டார். எந்தக் கையால் அள்ள வேண்டும் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. வேலைக்கு ஆள் வைக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, நான்தான் என்றார். தன் சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுத்து வைத்துப் பழக்கமில்லாத மனிதர் என்று பிறகு அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அவரே விடிந்தும் விடியாமலும் எழுந்து, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, இரண்டு பூனைக்கு மூன்று தட்டையும் அள்ளி முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளித்து, அப்புறம்தான் பூஜை. ஒரு நாள் தவறவில்லை. பேத்தி பிறந்த பிறகு பார்க்கப் போயிருந்தேன். வீட்டில் பால் வாடையும் பவுடர் வாடையும்தான். ஒரு பூனை மேனேஜர் பிள்ளையின் மடியில் கிடந்தது. இனி மருமகளே பார்த்துக்கொள்ளலாமே, நீங்கள் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்றேன். அவர் பூனையின் முதுகிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "இல்லம்மா, அது என் சோலி. ஆபீஸ்ல முப்பத்தாறு வருசம் கோப்பு நகத்துனேன். பாத்த வேலையோட பலனை மறுநாள் காலையிலேயே கண்ணால பாக்கது இப்பத்தான்."

வாடையே இல்லாத தட்டு

பாராட்டு வந்தால் வாங்கி வைத்துக்கொள்கிற புத்தி எனக்கு உண்டு. மினி பஸ் ஓட்டுகிற சுடலைமுத்து ஒரு நாள் கடைக்கு வந்து, அக்கா, நீங்கள் போன வாரம் கொடுத்த புது மணல் அருமை, நேற்றுக் காலையிலிருந்து துளி வாடை இல்லை, தட்டு அப்படியே காய்ந்து கிடக்கிறது என்றார். வீரன் என்று ஒரு கடுவன் பூனை வைத்திருந்தார். பஸ் சத்தம் கேட்டாலே தெருமுனைக்கு ஓடிவந்து நிற்குமாம். நான் பூரித்துப்போய், அந்த மணலைப் பற்றி நானே நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த இசக்கி திரும்பினாள். தட்டில் உருண்டையே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். பூனை தட்டுக்குப் போகிறதா? ஓயாமல் போகிறது, போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வருகிறது, ஒரு மாதிரிக் கத்துகிறது என்றார். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் உயிர் தாங்கும். இதை நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கண் முன்னால் வந்து நின்றபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். கடையை அப்படியே போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போய், வீரனைத் துண்டில் சுற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அது தலையைத் தூக்கவே இல்லை. சுடலைமுத்து என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே மயக்க ஊசி போட்டார். நூல்போல ஒரு குழாயை உள்ளே செலுத்த எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. சட்டென்று வழி திறந்து, சிவப்புக் கலந்து பீய்ச்சி அடித்தது. பூனையைப் பிடித்துக்கொண்டிருந்த சுடலைமுத்துவின் காக்கிச் சட்டை நெஞ்சு வரை நனைந்தது. அறை முழுக்க அந்த நாற்றம். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. இன்று சாயங்காலம் தாண்டியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்து வீரனுக்குத் தீனி வாங்க வந்த சுடலைமுத்துவிடம் என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை. "அந்த மூத்திரம் எஞ் சட்டையில விழுந்தப்ப, கல்யாண வீட்ல பன்னீர் தெளிச்ச மாதிரி இருந்துச்சுக்கா" என்றார்.

மாடியில் பதினான்கு பேர்

ஆற்றில் பெருவெள்ளம் வந்த வருசம். வண்ணார்பேட்டையில் ஆற்றோரமாக ஒரு வளவு. ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடு, ஐந்துக்கும் ஒரே மொட்டை மாடி, அதில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே தையல் வேலை பார்க்கிற பேச்சியம்மாள் ஒரு பூனை வளர்த்தாள். வளவில் ஒருவருக்கும் அது பிடிக்காது. பக்கத்து வீட்டு மளிகைக் கடை அண்ணாச்சி, பூனை நாற்றத்தில் சோறு இறங்கவில்லை என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் மூன்று தடவை புகார் செய்திருந்தார். தண்ணீர் முற்றத்துக்குள் வந்தபோது ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள்: பத்திரம், நகை, அரிசி, அடுப்பு. பேச்சியம்மாள் ஒரு கையில் பூனைக் கூடையையும் தலையில் அந்த வாரம்தான் இசக்கி கொண்டுபோட்ட மணல் மூட்டையையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். எல்லாரும் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்களாம்.

மறுநாள் காலை. கீழே ஐந்து வீடும் கழுத்தளவு தண்ணீரில். மேலே பதினான்கு பேர், அதில் எட்டுப் பேர் பெண்கள். கக்கூஸ் எல்லாம் தண்ணீருக்குள். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. முந்தின நாளிலிருந்து பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு கிடந்தார்கள். அப்போது அந்தப் பூனை எழுந்து, சோம்பல் முறித்து, கொட்டகையில் கிடந்த பழைய தட்டு ஒன்றில் பேச்சியம்மாள் கொட்டி வைத்திருந்த மணலுக்குள் இறங்கி, போய்விட்டு, நாலு தடவை மண்ணைத் தள்ளி மூடி, மோந்து பார்த்து, இன்னும் ஒரு தடவை மூடிவிட்டுத் தன் பாட்டில் வந்து படுத்தது. பதினான்கு பேரும் அதையே பார்த்தார்கள். முதலில் அண்ணாச்சியின் மனைவிதான் பேச்சியம்மாளின் காதில் போய் ஏதோ கேட்டிருக்கிறாள். கொட்டகையில் சேலையைத் திரையாகக் கட்டி, பெயிண்ட் வாளி ஒன்றில் மணலைக் கொட்டி, போக வர ஒரு கை மணல் தூவி, படகு வருகிற மட்டும் இரண்டு நாளும் அப்படித்தான். வாடை வரவில்லையாம். பேச்சியம்மாள் அதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், கோயிலில் பேசுகிறதைப்போல.

வெள்ளம் வடிந்து, நானும் கடையிலிருந்து சகதியை வாரிக் கொட்டி, திரும்பத் திறந்த வாரம் மளிகைக்கடை அண்ணாச்சி வந்தார். பத்துக் கிலோ மூட்டை ஒன்று வேண்டும் என்றார். பேச்சியம்மாளுக்கா என்று கேட்டேன். இல்லை, தனக்குத்தான் என்றார். பூனை வாங்கியிருக்கிறீர்களா என்றேன். அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பூனையெல்லாம் இல்லம்மா. மண்ணு வீட்ல கெடந்தா ஒரு தைரியம்லா."

வேதியியல் சார்

மகாராஜ நகரில் மூன்றாவது மாடியில் சங்கரலிங்கம் சார் தனியாக இருந்தார். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து சில வருசமாயிற்று. சித்திரை என்று ஒரு பூனைதான் துணை. அந்த மாடிக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அவருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்கள், பூனையை எடுங்கள், இல்லை வீட்டைக் காலி செய்யுங்கள் என்று. அவர் எனக்குப் போன் செய்தார். நானும் இசக்கியும் போனோம். கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. அவரோ வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, பெருக்கித் துடைத்த வீடு. நாறுகிறதா, உண்மையைச் சொல்லம்மா என்றார். நான் தயங்கினேன். அப்புறம்தான் சொன்னார். ஒரு காய்ச்சல் வந்து போனபின் அவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. காபியும் வெந்நீரும் ஒன்று. தட்டை வாரம் ஒரு தடவை மாற்றினால் போதும் என்று நினைத்திருக்கிறார். படிக்கட்டில் எல்லாரும் ஒதுங்கிப் போவதற்குக் காரணம் தெரியாமல் இத்தனை நாள் மனம் வெந்திருக்கிறார்.

மூக்கு இல்லாத மனிதருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தட்டு பழசாகிப் பிளாஸ்டிக்கில் நகக்கீறல் விழுந்து, கீறலுக்குள்ளே வாடை ஏறியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுப் புதிசாக இரண்டு வைத்தோம். குளியலறைக்குள் மூடி வைத்திருந்ததைக் காற்றோடுகிற பால்கனி ஓரத்துக்கு மாற்றினோம். மிச்சத்தை அவரே செய்தார். சுவரில் ஒரு கால அட்டவணை, பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரியே கோடு கிழித்து. ஏழு மணி, அள்ளுதல். மாலை ஆறு, அள்ளுதல். பதினைந்து நாளுக்கு ஒரு முறை முழு மாற்றம். அவருக்கு மூக்காக இருக்க இசக்கி ஒத்துக்கொண்டாள். மூட்டை கொண்டுபோகிற நாளில் வாசலில் நின்று மூச்சை இழுத்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். வாத்தியாருக்கு மார்க் போடுகிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவர் அதை நோட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்குவார். மூன்று மாதத்தில் ஒன்பதுக்குக் குறையவில்லை. கடிதம் கொடுத்தவர்களில் ஒருவர், தன் மகள் வீட்டுப் பூனைக்கு யோசனை கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். படிக்கட்டில் மறுபடி ஆட்கள் நின்று பேசினார்கள். மூக்கு மட்டும் வரவில்லை. ஒரு தடவை என்னிடம் சொன்னார்: பீரோவில் என் மனைவியின் சேலை இருக்கிறது, திறந்து முகத்தை வைத்துப் பார்த்தேன், வெறும் துணியாக இருந்தது.

ஒன்றரை வருசம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் போன். உடனே வா, இசக்கியையும் கூட்டிக்கொண்டு வா என்றார். என்னவோ ஏதோ என்று பதறிப் போனோம். சார் பால்கனியில் தட்டுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சித்திரை அப்போதுதான் போய்விட்டு வந்திருந்தது. நாறுகிறது என்றார் என்னைப் பார்த்து. காரம் சுருக்கென்று ஏறுவது இத்தனை நாளும் தெரியும், அது எரிச்சல், இது வாடை, நிஜமான வாடை, ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் கையால் விசிறி மோந்து பார்க்கச் சொல்லிக்கொடுப்பேனே, அதே அம்மோனியா என்றார். முகம் முழுக்க நனைந்திருந்தது. உள்ளே பீரோ திறந்து கிடந்தது. கட்டிலில் ஒரு பச்சைச் சேலை மடிப்புக் கலைந்து கிடந்தது. இசக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கரண்டியை எடுத்துத் தட்டுப் பக்கம் குனிந்தாள். சார் அவள் கையைப் பைய விலக்கினார். "இன்னைக்கு ஒரு நாள் அது அப்படியே இருக்கட்டும்மா, நாளைக்கு அள்ளிக்கிடுதேன்."

ஒரு தட்டு மண்ணை வைத்து வீட்டிலுள்ள அத்தனை மனிதர்களின் குணத்தையும் அரை மணி நேரத்தில் படித்துவிடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன், அந்தப் பூனை மனதில் என்ன நினைக்கிறது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.